கண் ஈந்த கண்ணப்ப நாயனார்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் போர்ட்டிக்சன் வட்டாரத்தைச் சேர்ந்த சுவாவிலும், அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் திருவிழாக் காலம் வந்துவிட்டால், பகலெல்லாம் பால்மரத்தோடும் செம்பனையோடும் உழைத்த கைகள் மாலையில் மாவிலைத் தோரணம் கட்டத் தொடங்கிவிடும். ஆலய வாசலில் மேளம் முழங்கும். அர்ச்சனைத் தட்டுகள் நிரம்பும். பெரியோர் புராணம் உரைக்கச் சிறியோர் அமர்ந்து கேட்பர். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் செவிவழி வந்த அடியார் வரலாறுகளுள், தோட்டத்து மக்களின் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது கண்ணப்ப நாயனார் வரலாறு. காட்டில் பிறந்து, காட்டில் வளர்ந்து, ஏடும் எழுத்தும் அறியாதிருந்தும் இறைவனின் வலப்பக்கத்தில் நிற்கும் பேறு பெற்றவர் அவர். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவரைத் தம்முள் ஒருவராகக் கருதியதில் வியப்பில்லை.

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் பொருளை ஈந்தவர் உண்டு. ஆடையும் அமுதும் அளித்தவர் உண்டு. தம் உடலின் ஓர் உறுப்பைப் பெயர்த்து இன்னொரு முகத்தில் பொருத்தியவர் கண்ணப்பர். கண் தானம், உறுப்பு தானம் என்று இன்று பேசப்படும் அறத்தின் உட்பொருள் முழுவதும் அவருடைய ஆறு நாள் வழிபாட்டில் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் பாடியருளிய முறையிலேயே காண்போம்.

உடுப்பூரில் உதித்த திண்ணன்

பொத்தப்பி நாட்டில் உடுப்பூர் என்பது வேடர்கள் வாழ்ந்த மலையூர். அவ்வூர்த் தலைவன் நாகன். அவன் மனைவி தத்தை. இருவருக்கும் நெடுங்காலம் மகப்பேறு வாய்க்கவில்லை. குறிஞ்சிக் கடவுளாகிய முருகப்பெருமானுக்குச் சேவலும் மயிலும் விட்டு, விழா எடுத்து, வெறியாட்டு நிகழ்த்தி வேண்டினர். வேலவன் அருளால் ஆண்மகவு பிறந்தது. நாகன் குழந்தையைக் கையில் ஏந்தியபோது அது திண்ணென்று கனத்தது. ஆதலால் திண்ணன் என்றே பெயரிட்டான்.

புலிப்பல் கோத்த மாலை மார்பில் அசைய, நாய்க்குட்டிகளோடும் பன்றிக் குருளைகளோடும் விளையாடித் திண்ணனார் வளர்ந்தார். உரிய பருவம் வந்ததும் நல்ல நாள் பார்த்து வில் ஏந்தச் செய்தனர். ஊரே கூடி ஏழு நாள் விருந்துண்டு மகிழ்ந்தது. வில்வித்தை முழுவதும் கற்றுத் தேர்ந்து அவர் பதினாறு வயதை எட்டிய காலத்தில், நாகன் முதுமையால் தளர்ந்திருந்தான். வேட்டை குறைந்ததனால் விலங்குகள் பெருகித் தினைப்புனங்களை அழித்தன. வேடர்கள் வந்து முறையிட்டனர். நாகன் தன் மகனை அழைத்துத் தலைமைக்குரிய உடைவாளையும் தோலையும் அளித்தான். குலதெய்வத்துக்குப் பூசை செய்யும் மூதாட்டியாகிய தேவராட்டி வந்து வாழ்த்தினாள். தந்தையின் பொறுப்பை ஏற்றுத் திண்ணனார் கன்னி வேட்டைக்குப் புறப்பட்டார்.

கன்னி வேட்டை

அவ்வேட்டையிலும் ஓர் அறம் இருந்தது. இளங்குட்டிகளையும் கருவுற்ற பெண் விலங்குகளையும் வேடர்கள் கொல்வதில்லை என்பதைச் சேக்கிழார் மறவாது குறிப்பிடுகிறார். கொலைத் தொழிலே வாழ்வாக அமைந்த குலத்திலும் இரக்கத்திற்கு ஓர் எல்லைக்கோடு வகுக்கப்பட்டிருந்தது. அவ்விரக்கமே பின்னர்த் திண்ணனாரிடம் பேரன்பாகப் பெருக்கெடுத்தது.

வேட்டையின் நடுவே கொழுத்த பன்றி ஒன்று வலையை அறுத்துக்கொண்டு ஓடியது. மற்றவர் பின்தங்க, நாணன், காடன் என்னும் இருவர் மட்டும் திண்ணனாரைத் தொடர்ந்தனர். நெடுந்தூரம் ஓடிக் களைத்து ஒரு மரநிழலில் நின்ற பன்றியைத் திண்ணனார் நெருங்கி உடைவாளால் இரு துண்டாக்கினார். மூவருக்கும் பசியும் தாகமும் மிகுந்தன. அருகே தேக்கு மரச் சோலைக்கு அப்பால் பொன்முகலி ஆறு ஓடுவதை நாணன் அறிவித்தான். ஆற்றை நோக்கி நடந்தபோது வானளாவிய மலை ஒன்று தென்பட்டது. அதுவே திருக்காளத்தி மலை. அங்கே குடுமித்தேவர் எழுந்தருளியிருப்பதாகவும், சென்றால் கும்பிடலாம் என்றும் நாணன் கூறினான்.

மலையை நெருங்க நெருங்கத் திண்ணனாருக்குத் தம்மீது ஏறியிருந்த பெருஞ்சுமை ஒன்று இறங்குவதுபோல் தோன்றியது. இன்னதென்று அறியாத ஆவல் உள்ளத்தில் பொங்கியது. பன்றியைப் பக்குவம் செய்வதற்குத் தீக்கடைந்து வைக்குமாறு காடனைப் பணித்துவிட்டு, நாணனோடு மலையேறினார்.

காளத்தியப்பர் திருமுன்

மலைமேல் இலிங்கத் திருமேனியைக் கண்ட அளவில் திண்ணனார் ஓடிச்சென்று தழுவினார், மோந்தார், கண்ணீர் பெருக நின்றார். அடுத்த கணமே ஆனந்தம் கவலையாக மாறியது. கரடியும் யானையும் புலியும் திரியும் காட்டில் இவர் துணையின்றித் தனித்திருக்கிறாரே என்று உள்ளம் பதறியது. இறைவனிடம் எதனையும் கேட்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. இவருக்கு என்ன குறை, அதனை எவ்வாறு தீர்ப்பது என்பதே முதல் எண்ணமாக இருந்தது.

திருமுடியில் பச்சிலையும் பூவும் நீரும் இருப்பதைக் கண்டு, இவ்வாறு செய்தவர் யார் என்று வினவினார். முன்பு நாகனோடு வேட்டைக்கு வந்த காலத்தில், அந்தணர் ஒருவர் நீராட்டி மலர் சூட்டி உணவு படைத்ததைத் தான் கண்டதாக நாணன் தெரிவித்தான். அதுவே இவருக்கு உகந்தது போலும் என்று திண்ணனார் கடைப்பிடித்தார். பசித்திருக்கும் இறைவருக்கு இறைச்சி கொண்டுவர வேண்டும். தனியே விட்டுப் போகவும் மனம் இசையவில்லை. கன்றை விட்டுப் பிரியும் பசுவைப்போலப் போவதும் திரும்புவதுமாகத் தவித்து, ஒருவாறு கீழிறங்கினார்.

பன்றியின் இறைச்சியைத் தீயில் வாட்டி, வாயில் இட்டுச் சுவை பார்த்து, நல்லனவற்றை மட்டும் இலைக் கல்லையில் சேர்த்தார். ஒரு கையில் வில்லும் அம்பும், மறு கையில் இறைச்சியும் இருந்தமையால், நீரை வாயில் நிரப்பிக்கொண்டார். மலர்களைத் தலைமயிரில் செருகிக்கொண்டார். மலைமேல் சென்று, முன்பிருந்த மலர்களைச் செருப்படியால் விலக்கி, வாய்நீரால் திருமஞ்சனம் ஆட்டி, தலையிலிருந்த பூவைச் சூட்டி, இறைச்சியைப் படைத்து, உண்டருளுமாறு வேண்டினார். அன்றிரவு முழுவதும் கண் இமைக்காமல் வில்லேந்திக் காவல் நின்றார்.

உற்றார் வந்ததும் திரும்பியதும்

திண்ணனாரின் நிலை நாணனுக்கும் காடனுக்கும் விளங்கவில்லை. இவர் தெய்வ மயக்கம் கொண்டார் என்று கருதி, உடுப்பூருக்கு ஓடி நாகனிடம் உரைத்தனர். ஊணும் உறக்கமும் இன்றி நாகன் தேவராட்டியையும் அழைத்துக்கொண்டு மலைக்கு வந்தான். தம்மால் இயன்ற வழியெல்லாம் முயன்று பார்த்தனர். திண்ணனார் மனம் மாறவில்லை. செய்வதறியாது துயரத்தோடு திரும்பினர்.

இப்பகுதியைக் கதை சொல்வோர் பலர் விரைந்து கடந்துவிடுவர். ஆனால் இங்கே கருத வேண்டியது ஒன்று உண்டு. பெற்ற தந்தைக்கும் மகனுக்கும் இடையே அன்பில் குறைவில்லை. மகனின் உள்ளத்தில் விளைந்தது என்ன என்பதைத் தந்தை அறிய வழியில்லாமற் போயிற்று. பெரும் ஈகைக்கு முற்படும் ஒருவரை அவருடைய இல்லத்தாரே புரிந்துகொள்ளாமல் தடுக்க முயல்வது, திண்ணனார் காலத்தோடு முடிந்த நிகழ்ச்சி அன்று.

சிவகோசரியார் கண்ட கனவு

விடிந்ததும் திண்ணனார் வேட்டைக்குச் சென்ற பின், ஆகம முறைப்படி நாள்தோறும் பூசை செய்யும் சிவகோசரியார் அங்கு வந்தார். திருமுன் இறைச்சியும் எலும்பும் சிதறிக் கிடக்கக் கண்டு நடுங்கினார். அவற்றை அகற்றி, நீராடி, இடத்தைத் தூய்மை செய்து, முறைப்படி பூசித்துச் சென்றார். பின்னர் வந்த திண்ணனார், அவர் சூட்டிய மலர்களை நீக்கித் தம் முறைப்படி வழிபட்டார். இறைச்சியில் தேனும் கலந்து படைத்தார். இவ்வாறு பகலில் ஒருவரும் அவர் சென்ற பின் மற்றவருமாக, ஒருவரையொருவர் காணாமலே ஐந்து நாட்கள் கழிந்தன.

மனம் பொறாத சிவகோசரியார் இறைவனிடம் முறையிட, பெருமான் கனவில் தோன்றி உண்மையை உணர்த்தினார். அவ்வேடனுடைய வடிவெல்லாம் தம்மீது கொண்ட அன்பே என்றும், மலரை விலக்கும் அவனது செருப்படி தம் இளமகன் முருகனின் திருவடி படுவதைப்போல் இனிக்கிறது என்றும், மறுநாள் ஒளிந்திருந்து பார்த்தால் அவ்வன்பின் எல்லையைக் காணலாம் என்றும் அருளினார்.

ஆறாம் நாள்

ஆறாம் நாள் காலை, வேட்டை முடித்துத் திரும்பிய திண்ணனாருக்கு வழியெங்கும் தீய நிமித்தங்கள் தோன்றின. இறைவருக்கு என்ன நேர்ந்ததோ என்று விரைந்து ஓடி வந்தார். காளத்தியப்பரின் வலத் திருக்கண்ணிலிருந்து குருதி வடிந்துகொண்டிருந்தது. வாயில் இருந்த நீர் சிந்தியது. கையில் இருந்த இறைச்சியும் வில்லும் விழுந்தன. தலையில் இருந்த மலர்கள் உதிர்ந்தன. அவரும் நிலத்தில் விழுந்தார்.

எழுந்தவர் முதலில் குருதியைத் துடைத்தார், நிற்கவில்லை. இத்தீங்கைச் செய்தவர் யார் என்று வில்லேந்தி மலைச்சாரல் முழுவதும் தேடினார். பகை வேடரும் இல்லை, கொடு விலங்கும் இல்லை. திரும்பி வந்து திருவடியைப் பற்றி அழுதார். பிறகு, அம்பு தைத்த புண்ணை வேடர் ஆற்றும் பச்சிலைகள் நினைவுக்கு வரக் காடெல்லாம் ஓடிப் பறித்து வந்து பிழிந்து வார்த்தார். அப்போதும் குருதி நிற்கவில்லை.

திண்ணனார் எடுத்த எடுப்பில் கண்ணைத் தோண்டிவிடவில்லை என்பது இங்கே நோக்கத்தக்கது. துடைத்துப் பார்த்தார், காரணத்தைத் தேடினார், தமக்குத் தெரிந்த மருத்துவம் அனைத்தையும் செய்தார். அனைத்தும் பயனற்றபோதுதான், தசைக்குத் தசையே மருந்து என்று வேடர் குலத்தில் வழங்கும் பழமொழி நினைவில் எழுந்தது. கண்ணுக்குக் கண்தான் மருந்து என்றால், அது தம்மிடமே இருக்கிறதே என்று மகிழ்ந்தார். அமர்ந்து, அம்பினால் தம் கண்ணைப் பெயர்த்து, இறைவன் திருக்கண்ணில் அப்பினார். குருதி நின்றது. தம் முகத்தில் வழியும் குருதியை மறந்து, தோள் கொட்டிக் கூத்தாடினார்.

அவ்வன்பின் ஆழத்தை உலகம் காணுமாறு, இறைவனின் இடக்கண்ணிலும் குருதி வழியத் தொடங்கியது. திண்ணனார் கலங்கவில்லை. மருந்து கைகண்டது, இன்னும் ஒரு கண் இருக்கிறது. ஆனால் அதனையும் பெயர்த்துவிட்டால் பொருத்தும் இடம் தெரியாதே என்று எண்ணி, அடையாளத்திற்காகத் தம் இடக்காலை இறைவனின் கண்ணருகே ஊன்றிக்கொண்டு, அம்பைத் தம் மற்றொரு கண்ணில் வைத்தார். காளத்தியப்பர் அதற்குமேல் பொறுக்கவில்லை. இலிங்கத்திலிருந்து திருக்கரம் வெளிப்பட்டு அவர் கையைப் பிடித்தது. கண்ணப்பா என அழைத்து, நிற்குமாறு மும்முறை பணித்த திருவாக்கு எழுந்தது. மறைவில் நின்ற சிவகோசரியார் அனைத்தையும் கண்டு உருகினார். என்றும் தம் வலப்பக்கத்தில் நிற்கும் பேற்றை இறைவன் அவருக்கு அருளினார். அன்று முதல் திண்ணனார் கண்ணப்பர் ஆனார்.

புகழ் நின்ற வழி

8ஆம் நூற்றாண்டில் சுந்தரமூர்த்தி நாயனார் தம் திருத்தொண்டத் தொகையில் கண்ணப்பரைப் போற்றினார். மாணிக்கவாசகர் அவருடைய அன்புக்கு ஈடான அன்பு தம்மிடம் இல்லையென நெகிழ்ந்தார். நக்கீரதேவ நாயனாரும் கல்லாட தேவ நாயனாரும் அவர் மீது பாடிய திருமறங்கள் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் அவ்வரலாற்றை விரிவாகப் பாடினார். இன்று ஆந்திர மாநிலத்தில் ஸ்ரீகாளஹஸ்தி என வழங்கும் அத்தலம் பஞ்சபூதத் தலங்களுள் வாயுத் தலமாகப் போற்றப்படுகிறது. தை மாதத்து மிருகசீரிட நாளில் கண்ணப்பரின் குருபூசை சிவாலயங்களில் நடைபெறுகிறது.

புராணம் காட்டியதும் மருத்துவம் கண்டதும்

ஒருவர் கண் மற்றொருவருக்குப் பயன்படும் என்னும் எண்ணம் மருத்துவ உலகில் கைகூட நெடுங்காலம் ஆயிற்று. 1905ஆம் ஆண்டு டிசம்பரில், இன்று செக் குடியரசில் உள்ள ஓலமவுட்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் முதன்முதலில் ஒரு மனிதரின் கருவிழிப்படலத்தை மற்றொருவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தினார். பார்வை பெற்றவர் சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு கூலித் தொழிலாளி. 1930களில் ஒடெசா நகரத்து மருத்துவர் பிலாத்தோவ், இறந்தவர் கண்களைக் குளிரில் காத்து வைத்துப் பயன்படுத்தும் வழியைப் பரப்பினார். தமிழகத்தில் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் கண் வங்கி தொடங்கப்பட்டது. அங்கே 1948ஆம் ஆண்டு மருத்துவர் முத்தையா கருவிழி மாற்றுச் சிகிச்சையில் வெற்றி கண்டார்.

கண் தானம் என்றால் கண் முழுவதும் மற்றவருக்குப் பொருத்தப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். பொருத்தப்படுவது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழிப்படலமே. அதில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால், மற்ற உறுப்புகளைப்போல் உடல் அதனை எளிதில் புறக்கணிப்பதில்லை. அமிலமோ சுண்ணாம்போ பட்டும், முள்ளோ மட்டையோ குத்திப் புண்ணாகியும் அப்படலம் வெளுத்துவிட்டால் பார்வை மறையும். பாலை உறைய வைக்கும் அமிலத்தையும், தலைக்குமேல் செம்பனைக் குலை அறுக்கும்போது விழும் தூசியையும் அறிந்த தோட்டத் தொழிலாளர்க்கு இவ்வாபத்தைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. பச்சிலையும் மருந்தும் கைவிட்ட நிலையில், கண்ணப்பர் கண்டுகொண்டதே இங்கும் மருந்து. ஒரு மனிதர் தந்தாலன்றி அது கிடைப்பதில்லை.

இலங்கையில் ஒரு பழங்கதை மக்களின் பழக்கமாகவே மாறியது. தன் கண்களை ஈந்த சிபி மன்னனின் பௌத்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மக்களிடம், மருத்துவர் ஹட்சன் சில்வா 1958ஆம் ஆண்டு முதல் கண் தானத்தை எடுத்துரைத்தார். தம் அன்னை மறைந்தபோது அவருடைய கண்களைத் தானமாக ஏற்று, சொன்னதைச் செயலில் காட்டினார். 1961ஆம் ஆண்டு கண் தான சங்கம் நிறுவப்பட்டது. 1964ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதன்பின் பல பத்தாயிரம் கண்கள் அச்சிறு தீவிலிருந்து உலக நாடுகளுக்குச் சென்றுள்ளன. 1996ஆம் ஆண்டு மறைந்த முன்னாள் அதிபர் ஜெயவர்த்தனாவின் கண்களும் தானமாக வழங்கப்பட்டன. மலேசிய மருத்துவமனைகளில் பொருத்தப்படும் கருவிழிகளிலும் இலங்கையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருவன மிகுதி. சிபியின் கதை ஒரு நாட்டை ஈகை நாடாக்கியிருக்கும்போது, கண்ணப்பரின் வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கும் சமுதாயம் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது.

இறைவன் தடுத்ததன் பொருள்

கண்ணப்பரின் இரண்டாவது கண்ணை இறைவன் ஏற்கவில்லை. அன்பரின் பார்வை முழுவதும் அழிவதை அவர் திருவுள்ளம் விரும்பவில்லை. இன்றைய மருத்துவ அறமும் அவ்வாறே அமைந்திருக்கிறது. உயிரோடிருப்பவர் கண்ணை எந்த மருத்துவரும் எடுப்பதில்லை. உயிரோடிருக்கும்போது தரக்கூடியது, இரு சிறுநீரகங்களுள் ஒன்று, கல்லீரலில் ஒரு பகுதி போன்றவையே. அதுவும் கொடுப்பவர் நலம் கெடாது என்று உறுதி செய்த பின்னரே பெறப்படும். மற்றவை அனைத்தும் உயிர் பிரிந்த பின்னர் பெறப்படுவன. கண்ணப்பர் உணர்வோடிருந்து, வலியோடு செய்த ஈகையை, மற்றவர்கள் வலியே அறியாத நிலையில் செய்துவிட இயலும்.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் இயற்றப்பட்டது. 1975ஆம் ஆண்டு கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. 1997ஆம் ஆண்டு தேசிய இருதயக் கழகத்தில் முதல் இருதய மாற்றுச் சிகிச்சை நடந்தது. தேசிய உறுப்பு மாற்று வள மையமும் அதே ஆண்டில் அமைந்தது. இருதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தே பெரும்பாலும் பெற இயலும். மூளைச்சாவை, உறுப்பு மாற்றுக் குழுவைச் சேராத நிபுணர்கள் சோதித்து உறுதி செய்வர். கண், தோல், எலும்பு, இருதய வால்வு ஆகிய திசுக்களை, இருதயம் நின்று இறந்தவரிடமிருந்தும் சில மணி நேரத்திற்குள் பெறலாம். கண்ணாடி அணிந்தவரும், கண்புரைச் சிகிச்சை செய்துகொண்டவரும், முதியோரும் கண் தானம் செய்யத் தடையில்லை. ஒருவர் தரும் இரு கருவிழிகள் இருவருக்குப் பார்வையாகும்.

சிறுநீரகத்திற்காக மட்டும் இந்நாட்டில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் காத்திருக்கின்றனர். வாரத்திற்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு மையங்களில் பலமணி நேரம் படுத்திருக்கும் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மிகுந்த சமுதாயத்தில், பெறவேண்டிய நிலையில் இருப்போர் பலர். கொடுக்க முன்வருவோர் சிலர்.

இல்லத்தார் அறியவேண்டியது

கொடுக்கத் தயங்குவோர் பெரும்பாலும் தன்னலத்தால் தயங்குவதில்லை. கண்ணை எடுத்துவிட்டால் மறுபிறவியில் குருடாகப் பிறக்க நேருமோ என்ற அச்சம் சிலருக்கு. உடல் சிதைந்தால் ஈமக்கடன் முறைப்படி நடக்குமோ என்ற ஐயம் சிலருக்கு. இவ்விரண்டுக்கும் விடை கண்ணப்பர் வரலாற்றிலேயே இருக்கிறது. கண் கொடுத்ததனால் அவர் குறையுற்றவர் ஆகவில்லை. இறைவனின் வலப்பக்கம் பெற்றார். தன் தொடைத் தசையை அறுத்துப் புறாவுக்கு ஈடாக வைத்த சிபிச் சக்கரவர்த்தியும், தன் முதுகெலும்பைத் தேவர்களுக்கு ஈந்த ததீசி முனிவரும் புண்ணியப் பேறு பெற்றதாகவே புராணங்கள் பேசுகின்றன. ஆடையைக் களைவதுபோல் ஆன்மா உடலைக் களைகிறது என்று கூறும் சமயம், களைந்த ஆடையைக் குளிரில் நடுங்குவோர்க்கு அளிப்பதைத் தடுக்குமா? உறுப்பு எடுத்த பின்னர் மருத்துவர்கள் உடலை ஒழுங்காகத் தைத்து, தோற்றம் கெடாமல் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பர். நீராட்டுதலும், வாய்க்கரிசியும், தகனமும் வழக்கம்போல் நடைபெறும்.

இவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு. அதனை நாகனும் தேவராட்டியும் மலையேறி வந்த காட்சி உணர்த்துகிறது. பதினெட்டு வயது நிறைந்த எவரும் பொது மருத்துவமனைகளிலோ மைசெஜாத்ரா செயலி வழியாகவோ உறுப்பு தானத்திற்குப் பதிவு செய்யலாம். ஆயினும் இறந்த பின்னர் மருத்துவர்கள் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்கின்றனர். அழுகையும் அதிர்ச்சியும் சூழ்ந்த அந்த நேரத்தில், இறந்தவரின் விருப்பத்தை முன்பே அறியாத மனைவியோ மகனோ தமையனோ மறுத்துவிட்டால், பதிவு செய்த ஈகை அவரோடு எரிந்து போகிறது. அவர்களைக் குறை கூறவும் இயலாது. நாகனைப்போல் அவர்களும் அன்பினாலேயே தடுக்கின்றனர்.

ஆகவே பதிவு செய்வது பாதி. இல்லத்தாரிடம் சொல்வது மறுபாதி. சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று பல குடும்பங்களில் கருதுகின்றனர். ஆனால் ஈமச்சடங்குக்கென்று கூட்டுக் குழுவில் மாதந்தோறும் சந்தா கட்டி வந்த தோட்டத்து மக்கள், தம் இறுதியைப் பற்றி முன்கூட்டியே எண்ணிப் பழகியவர்களே. அச்சந்தாவைப் பற்றிப் பேசும் அதே இயல்போடு, தம் கண்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லி வைக்கலாம். திருவிழாவுக்காகச் சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து, குடும்பம் முழுவதும் ஓரிடத்தில் கூடியிருக்கும் நாளைவிட அதற்கு ஏற்ற நாள் வேறில்லை.

கண்ணப்பர் கல்வி கற்றவர் அல்லர். செல்வம் படைத்தவரும் அல்லர். எதிரே குருதி வடியும் ஒரு கண்ணைக் கண்டார், தம்மிடம் அதற்குரிய மருந்து இருப்பதை அறிந்தார், கொடுத்தார். அம்மருந்து ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. காளத்தியப்பர் திருவருளால் அதனைக் கொடுக்கும் மனமும், கொடுக்க இசையும் குடும்பமும் எல்லார்க்கும் வாய்ப்பதாக!